நான் எழுதாத இரண்டாவது தேர்வு

இன்று கண் ஆஸ்பத்திரியில்...

என்னை நாற்காலியில் உட்கார வைத்த பெண், "படிக்கத் தெரியுமாங்கம்மா? இல்ல, படம் போட்ட சார்ட் வைக்கட்டுமா?" என்றாள்.

(வெள்ளை முடிக்குக் கிடைக்கும் போனஸ்!)

"எழுத்தே வைம்மா" என்றேன். கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன்.

"சூப்பர்! என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.யு.சி."

"அப்படின்னா?"

"டாக்டருக்குப் படிக்கப் போறதுக்கு முன்னாடி படிக்கிறது." வாய் தவறி வந்துவிட்டது.

"அப்ப ஏம்மா டாக்டர் ஆகல?"

நல்லவேளை, கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடிய கண்ணோடு நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் இந்தப் பதிவு.

அறுபதுகளின் தொடக்கம். பி.யு.சி. ரிசல்ட் வந்த கையோடு எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வையம்பட்டி விவசாயக் குடும்பம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பாலக்கரையில் ஒரே ஓர் அறை, அதுதான் எங்கள் வாடகை வீடு.

என் புடவைகளுக்கு நடுவில் விலங்கியல் புத்தகம் இருந்ததை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன்.

"இது எதுக்கு?"

"டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை இருந்துச்சுங்க."

"இருந்துச்சா, இருக்கா?"

"...இருக்குங்க."

"அப்ப படி."

அவ்வளவுதான்!

வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரி தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது என்று அவரே யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். நிறையப் பேர் எழுதுவார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார்.

வேலை முடிந்து வந்து, கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, புத்தகத்தோடு உட்காருவார். "எபி... எபிக்ளாட்டிஸ்னா என்ன?" (குரல்வளையின் மூடி அது. அவர் வாயில் ஏதோ ஹோட்டல் பலகாரம் மாதிரி இருக்கும்!) நான் சொல்லும் பதில் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட் பக்கம் போய் ஓர் ஆட்டு இருதயம் வாங்கி வருவார். அவருடைய ஷேவிங் பிளேடால் நான் அதைப் பிளந்து காட்டுவேன்.

"மேல ரெண்டு, கீழ ரெண்டு. மொத்தம் நாலு அறைங்க."

"நமக்கே ஒரு ரூம்தான். ஆட்டுக்கு நாலா!"

(படம் வரைந்து முடித்ததும் மிளகு போட்டு வறுத்துவிடுவேன். பாடம் வீணாகக் கூடாதே!)

பௌதிகம்தான் என்னைப் படுத்தியது. "எனக்கு வராதுங்க, விட்டுடறேன்" என்று புத்தகத்தை மூடிய நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அவர் வாதம் செய்யமாட்டார். "கெளம்பு, ஸ்ரீரங்கம் போயிட்டு வரலாம்" என்பார். முதல் தடவை கோயிலுக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு லேடி டாக்டரின் கிளினிக்குக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒரு மாமி பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆம்பளை டாக்டரா இருந்தா நான் ஆத்தை விட்டே கெளம்பியிருக்க மாட்டேண்டி. வலியோடவே கெடந்திருப்பேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?"

கோயிலுக்குப் போகாமலே பஸ் ஏறினோம். அன்றிரவு பௌதிகம் கொஞ்சம் வந்தது.

தேர்வு எழுதினேன். தேறினேன்! இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் ரயிலேறிப் போனோம்.

கல்லூரி வராந்தாவில் என்னோடு காத்திருந்த ஒரு பெண் காதோரம் சொன்னாள்: "அக்கா, தாலிய உள்ள விட்டுக்கங்க, மெட்டியக் கழட்டிடுங்க. கல்யாணம் ஆனவங்கன்னா யோசிப்பாங்களாம்."

எதிர் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டையில். அவர் கண் முன்னால் குனிந்து மெட்டியைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே உள்ளே போனேன்.

பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒருவர் என் காலைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா? படிக்கும்போது குழந்தை பொறந்தா?"

"என் வீட்டுக்காரர் பாத்துப்பாருங்க, சார்."

"பாலும் அவரே குடுப்பாராம்மா?"

அறையே சிரித்தது. சீட் கிடைக்கவில்லை.

செய்தி வந்த அன்று அவர் சொன்னார்: "அடுத்த வருஷம் மறுபடி எழுதுவோம். மெட்டிய நானே கழட்டிப் பாக்கெட்டுல வச்சுக்கறேன்." அந்த ஞாயிறும் வழக்கம்போல ஆட்டு இருதயம் வாங்கி வந்தார்.

நான் பிளேடை எடுக்கவில்லை. கழுவி நேராகச் சட்டியில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சில வாரங்களில் வெறும் கறி மட்டும் வாங்கிவர ஆரம்பித்தார்.

பிறகு மகள் பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டியது, தூங்கவைத்தது, தெருக்குழாயடியில் அவள் துணிகளைத் துவைத்தது எல்லாம் அவர்தான். குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் பாட்டுக்குத் துவைத்துப் பிழிந்து எடுத்து வருவார்.

ஒரு வருடம் முழுக்க ஒருவர் என்னை நம்பினார். ஒரு நிமிடம் சிலர் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களை நம்பிவிட்டேன்.

அவர் ரிடையர் ஆன பிறகு ஒருநாள் கேட்டேன்: "நான் மறுபடி எழுதியிருக்கலாமோ?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு, விடு" என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"கெடச்சிருக்கும்னு சொல்லல. ஆனா எழுதியிருக்கலாம்" என்றார். வழக்கம்போல என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஆசை அவருக்கும் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.