பன்னிரண்டாம் போர்டில் இருந்த சைக்கிள்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். நான் வேதியியல் படித்தவள். தண்ணீரைச் சோதித்து எண்களை எழுதுவதுதான் என் வேலை. அன்று நடந்ததையும் அன்றே, நேரத்தோடு, ஒரு தாளில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் லேபில் சேர்ந்து பத்து மாதம். தற்காலிக வேலை. என்னை நிரந்தரம் ஆக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் எங்கள் மேடத்தின் கையெழுத்தில் இருந்தது. கண் பார்வை குறைந்து அப்பா தையல் மிஷினை மூடி வைத்த வருடம் அது. வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையது.

ஒருநாள் மேடம் என் மேசைக்கு வந்தார்.

"ஏய் ஒட்டகச்சிவிங்கி, உனக்கு ஓட வருமா?"

"காலேஜ்ல ஓடியிருக்கேன் மேடம்."

"ஞாயித்துக்கிழமை என்கூட ரேஸுக்கு வர்ற. கேக்கல, சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஓட்டமும் சைக்கிளும் கலந்த சின்னப் போட்டி அது. பதினொரு ஜோடிகள். ஒரு ஜோடிக்கு ஒரே சைக்கிள். கால்வாய்க் கரையோரம் பதினாறு கிலோமீட்டர். கரையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு போர்டு நட்டிருக்கும். முதலில் ஒருத்தி சைக்கிளில் போய், 2-ஆம் போர்டில் அதைச் சாய்த்துவிட்டு ஓட வேண்டும். பின்னால் ஓடி வருபவள் அதை எடுத்து 4-ஆம் போர்டு வரை மிதித்து, அங்கே விட்டுவிட்டு ஓட வேண்டும். இப்படியே மாறி மாறி, கடைசி வரை. போர்டைத் தவிர வேறு இடத்தில் வைத்தால் ஜோடியே நீக்கம்.

நான் உயரம். மேடம் குள்ளம். அதனால் சீட் தண்டில் இரண்டு டேப் ஒட்டியிருந்தோம். மேலே சிவப்பு, எனக்கு. கீழே நீலம், அவருக்கு. ஏறும்போது அவரவர் டேப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

காலை 5:40-க்கு விசில் ஊதினார்கள். இன்னும் விடியவில்லை. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனி. முதல் மிதி என்னுடையது. 5:46-க்கு 2-ஆம் போர்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கினேன்.

5:57. பின்னால் பெல் சத்தம்.

ட்ரிங்... ட்ரிங்...

மேடம் பெல் அடிக்கிற ஆள் இல்லை. "தள்ளு!" என்று கத்துகிற ஆள். இன்று நல்ல மனநிலை போல என்று நினைத்து ஒதுங்கினேன். பனிக்குள் ஒரு மஞ்சள் சட்டை என்னைக் கடந்து போனது. எங்கள் லேப் சட்டை.

6:00-க்கு 4-ஆம் போர்டு. சைக்கிள் ஒழுங்காகச் சாய்ந்திருந்தது. சீட்டைத் தூக்கக் குனிந்தவள் ஒரு நொடி நின்றேன். சீட் நீலத்தில் இல்லை. சிவப்பிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அவசரத்தில் சரியாக இறக்கியிருக்க மாட்டார். ஏறி மிதித்தேன்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மேடத்தை நான் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. பனியில் கவனிக்கவில்லை போல... அப்படித்தான் நினைத்தேன்.

6:20. 8-ஆம் போர்டு. அங்கே ஒரு பெண் மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மேடம் போயிட்டாங்களா?"

"இப்பத்தான் சைக்கிளைச் சாய்ச்சிட்டுப் போறாங்க. தண்ணி குடுத்தேன், குடிக்கல. உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

மேடமா? எனக்கா?

அவள் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கை பட்டுச்சுக்கா. அப்படி ஒரு ஜில்லு..."

சீட் மறுபடியும் நடுவில் இருந்தது.

6:36. பத்தாம் போர்டில் சைக்கிளை விட்டுவிட்டுப் பதினொன்றாம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் யாரும் இல்லை.

ட்ரிங்... ட்ரிங்...

இந்த முறை அது கடக்கவில்லை. என் பக்கத்திலேயே வந்தது.

மூச்சுச் சத்தம் கேட்டது. சைக்கிள் மிதிப்பவரின் மூச்சு அல்ல. வெகுதூரம் ஓடி, நெஞ்சு அடைத்தவரின் மூச்சு.

யாரையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லாதவள் நான். தலையைக் கொஞ்சம்தான் திருப்பினேன்.

மேடத்துக்குத் தோள் வரைதான் முடி.

இது நீண்ட சடை. சொட்டச் சொட்ட ஈரம். அதில் கோரைப்புல் ஒட்டியிருந்தது.

"அடுத்த போர்டுலயே வச்சிடுறேன்."

மேடத்தின் குரல் இல்லை.

சைக்கிள் பனிக்குள் போய்விட்டது.

நான் நிற்கவில்லை. நிற்கப் பயமாக இருந்தது. ஓடவும் பயமாக இருந்தது...

6:40. பன்னிரண்டாம் போர்டு.

சைக்கிள் இருந்தது.

சீட்...

சரியாகச் சிவப்பு டேப்பில் இருந்தது. எனக்காக.

எப்படி மிதித்தேன் என்று தெரியாது. 14-ஆம் போர்டில் அதைச் சாய்க்கக்கூட இல்லை, போட்டுவிட்டு ஓடினேன். 7:00-க்கு முடிவுக் கோடு. எனக்கு முன்பே அந்தச் சைக்கிள் அங்கே ஸ்டாண்டில் நின்றது.

"உங்க ஆள் அப்பவே வந்துட்டாங்களே," என்றார் மேசையில் இருந்தவர்.

மேடத்தைத் தேடினேன். எங்கும் இல்லை.

7:41-க்கு வந்தார். நடந்து. முகத்தில் ரத்தமே இல்லை.

"சைக்கிளை எங்கடி வச்ச?"

"எல்லாம் போர்டுலதான் மேடம்..."

"ஒரு போர்டுலயும் இல்ல. பதினாறும் ஓடியே வந்தேன்." என் கையைப் பிடித்தார். "அது போகட்டும். எதுக்கு என் பின்னாலயே பெல் அடிச்சிட்டு வந்த? திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். வழி பூரா..."

நான் அவருக்குப் பின்னால் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

போர்டில் சைக்கிள் இல்லை என்று மேடமே சொன்னதால் எங்கள் ஜோடியை நீக்கினார்கள். லேப் முதலாளி அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

திங்கட்கிழமை 10:15-க்கு மேடம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றில், சைக்கிளைத் தவறான இடத்தில் வைத்தது நான்தான் என்று எழுதியிருந்தது. இன்னொன்று என் பணி நிரந்தர ஆணை.

"நீ இதுல கையெழுத்து போடு. நான் அதுல போடுறேன். முதலாளிக்குப் பதில் சொல்லணும்."

அப்பாவின் மிஷின் மேல் போட்ட துணி நினைவுக்கு வந்தது.

போட்டேன். அவரும் போட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆணையை முழுதாகப் படித்தேன். 'இப்பணியிடம் சென்ற ஆண்டு முதல் காலியாக உள்ளது' என்று ஒரு வரி. பக்கத்தில் தேதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஸ்டோரில் இருக்கும் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"உனக்கு யாரும் சொல்லலையா தங்கச்சி? போன வருஷ ரேஸ்ல மேடத்தோட ஓடுன பொண்ணு இருந்த இடம்தான் இது. மேடம் பன்னெண்டாம் போர்டுல சைக்கிளை வைக்கணும். பனியில போர்டைக் கவனிக்காம பதினாலு வரைக்கும் போயிட்டாங்க. திரும்பி வந்து வைக்கல, அங்கயே போட்டுட்டு ஓடிட்டாங்க. பாவம், இந்தப் புள்ள சைக்கிளைத் தேடிட்டே போய்க் கரையிலருந்து சறுக்கி விழுந்திருச்சு. தண்ணி ஓரம், கோரைக்குள்ள."

"யாரும் பாக்கலையா அண்ணா?"

"சாயந்தரம் நாலு மணிக்குத்தான் பாத்தாங்க. முடிவு மேசையில கேட்டப்ப, 'அவ பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டா'ன்னு மேடம் சொல்லிட்டாங்க. உண்மையைச் சொன்னா ரேஸ்லருந்து தூக்கிடுவாங்கல்ல? அப்புறம் யாரு தேடுவா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மதியம் ஒரு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாராம்மா."

அடுத்த ஞாயிறு, நல்ல வெயிலில், அந்த இடத்துக்குத் தனியாகப் போனேன். கரையிலிருந்து இறங்கி, அவள் கிடந்த இடத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தேன்.

அங்கிருந்து பன்னிரண்டாம் போர்டு நன்றாகத் தெரிகிறது.