மெதுவான தோட்டாவும் ஹெல்வியின் காபி டப்பாவும்

பின்லாந்துக் காட்டோரத்தில் எல்யாஸுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அவரைக் கேட்டால் அவரே அப்படித்தான் சொல்வார். ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் வேதம் வாசிக்கிறவர். துப்பாக்கித் தோட்டா வார்ப்பதிலும் அதே கண்டிப்பு. "ஈயம்னா கல்லு மாதிரி இருக்கணும்" என்பார். அவர் மனைவி ஹெல்வி சிரித்துக்கொள்வாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் பக்கத்துப் பண்ணை லெம்பி வந்து நின்றாள்.

"அண்ணே, சுப்பி நாலு கோழியைத் தின்னுடுச்சு. சுட்டுடுங்க. ஆனா சத்தம் வரக்கூடாது. என் குதிரை இந்த வாரம் குட்டி போடும். போன வருஷம் யாரோ சுட்டதுல மிரண்டு வேலியில மோதி, வயித்துல இருந்த குட்டி போச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

சுப்பி என்பது நரிக்கும் நாய்க்கும் நடுவில் நிற்கிற ஒரு திருட்டுப் பிராணி.

"நான் இருமுற சத்தம்கூட இருக்காது, போ" என்று எல்யாஸ் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சத்தத்தைவிட மெதுவாகப் போகிற தோட்டா காற்றைக் கிழித்து வெடிக்காது. குழல் முனையில் சத்தமடக்கியும் இருந்தது. பழைய அச்சகத்தில் வாங்கிய, கல்லாய் இறுகிய அச்செழுத்து ஈயத்தை உருக்கி, பளபளவென்று பத்துத் தோட்டா வார்த்தார். சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் பின்னால் பலகையை நட்டுச் சுட்டார். சத்தம் வரவில்லை, உண்மைதான். ஆனால் பலகையில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம்! தோட்டா குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போயிருந்தது. குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது.

ஹெல்வி ஒரு தோட்டாவை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"கோடுகூட விழல. உங்களை மாதிரியே இருக்குங்க. இறுகிப்போய், எதுக்கும் வளைஞ்சு கொடுக்காம."

எல்யாஸ் தோட்டாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்தார். வெடிமருந்து கொஞ்சம், அது தள்ளும் வேகமும் கொஞ்சம். கல் போன்ற ஈயம் குழலுக்குள் வெட்டியிருக்கிற சுழல்வரிகளில் எப்படிப் பொருந்தும்? தன் வாயால் இதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு முழுக் காபி தேவைப்பட்டது.

அடுத்து பழைய தண்ணீர்க் குழாயின் ஈயம். வெண்ணெய் போல மிருது. ஆனால் அச்சின் மூலைவரை ஓடவில்லை; வெளியே வந்ததெல்லாம் சுருங்கிய உருளைக்கிழங்கு.

"இருபது பங்குக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தா ஓடும். அதுக்கு டவுனுக்குப் போகணும். நூறு கிலோமீட்டர், பாதையெல்லாம் சேறு. குதிரை காத்திருக்குமா?" என்றார் எல்யாஸ்.

ஹெல்வி உள்ளே போய் ஒரு காபி டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். சின்னச் சின்ன வெள்ளீய லாடங்கள்.

"இது... புத்தாண்டுல உருக்கித் தண்ணியில ஊத்திக் குறி பார்க்கிறது இல்ல?"

"ஆமாங்க."

"நம்ம வீட்டுலயா?"

"இருபத்தாறு வருஷமா. நீங்க ஜெபவீட்டுக்குப் போனப்புறம்."

எல்யாஸ் கூரையைப் பார்த்தார். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பாவம்னு சொல்லிட்டே இருப்பீங்களே. உருக்கித் தொலைங்க."

உருக்கினார். தோட்டாக்கள் வழவழவென்று விழுந்தன. பலகையில் ஐந்து வட்ட ஓட்டைகள், ஒரு கைக்குட்டைக்குள் அடங்கின.

மறுநாள் அந்தி மங்குகையில் கோழிக் கூட்டருகே சுப்பி வந்தது. எல்யாஸ் சுட்டார்; வேதப்புத்தகத்தை மூடுகிற அளவு சத்தம்தான் கேட்டது. சுப்பி சுருண்டு விழுந்தது. லாயத்தில் குதிரை வைக்கோல் மெல்வதை நிறுத்தவில்லை. எல்யாஸ் அங்கேயே தொப்பியைக் கழற்றி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு சுப்பியைக் காட்டுக்குள் புதைத்தார்.

நாலாம் நாள் லெம்பி ஓடிவந்தாள்.

"அண்ணே, குட்டி நல்லபடியா பொறந்துடுச்சு! எழுந்து நிக்குது! இனி சத்தம் வந்தாலும் பரவாயில்ல. நீங்க அந்தச் சுப்பியை எப்பத்தான் சுடப்போறீங்க?"

எல்யாஸ் வாயைத் திறந்தார், மூடினார். வாழ்நாளில் அவர் சுட்டதிலேயே நல்ல வெடி அது. ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"செவ்வாய்க்கிழமையே சுட்டாச்சு லெம்பி" என்றாள் ஹெல்வி. "எப்படின்னு அண்ணன்கிட்டயே கேளு. வெள்ளீயம் எங்கே கிடைச்சுதுன்னும் கேளு."

"காபி ஆறுது, குடிம்மா" என்று எல்யாஸ் அவசரமாகத் தன் கோப்பையை லெம்பியிடம் நீட்டினார்.