குணாவின் எக்ஸோஸும் கலைவாணியின் ஆறு மணி பஸ்ஸும்

திங்கட்கிழமை, மாலை ஐந்தேகால். சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தருகே ஏறிய லோக்கல் பஸ் என்னைப் பீடோங் கடைத்தெருவில் இறக்கிவிட்டது. மதுரையில் என் வீட்டுக்கு எதிரே ஒரு புல்லட் மெக்கானிக் கடை இருக்கிறது. காலையில் தொடங்கும் அந்த டமடமாவிலிருந்து ஐந்தாறு நாளாவது தப்பிக்கலாம் என்றுதான் விமான டிக்கெட்டே எடுத்தேன். கெடா மாநிலம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், கண்ணுக்கெட்டிய வரை பச்சை, காதுக்கெட்டிய வரை அமைதி என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கோட்டையை ஒரே உதையில் தகர்த்தான் என் அக்காள் மகன் குணா. உதைத்தது அவனுடைய மோட்டாரை.

குணாவுக்கு முப்பத்தாறு வயது. பீடோங்கில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. வீடு புக்கிட் செலம்பாவ் பக்கம், தோட்டத்தை ஒட்டி, சுமார் பத்துக் கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கடையை விட்டு வெளியே வந்தவன், “வாங்க மாமா, வாங்க, நல்லா இருக்கீங்களா? சீக்கிரம் ஏறுங்க” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான். இங்கே ‘கப்சாய்’ என்கிற சின்ன மோட்டார் அது, நம்மூர் மொபெட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் லாரிக்குப் பூட்ட வேண்டிய ஒரு குழாய் பளபளத்தது. நாம் சைலன்சர் என்பதை இவர்கள் எக்ஸோஸ் என்கிறார்கள். அவன் கிளப்பியதும் எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் தட்டை ஏந்தி நின்றவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அதிர்ந்தது.

“ஏன்டா இந்த அநியாயம்?” என்று அவன் காதில் கத்தினேன்.

“ஸ்பீட் வேணும் மாமா! ஆறு மணிக்கு கலாவுக்கு பஸ்ஸு!”

கத்திக் கத்தியே கதையைச் சொல்லி முடித்தான். அவன் மனைவி கலைவாணிக்குக் கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை. கம்பெனி பஸ் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு முனைச் சந்திப்பில் அவளை ஏற்றிக்கொள்ளும். காலையில் அவள் வீடு திரும்பும்போது இவன் கடைக்குக் கிளம்பியிருப்பான். கெடாவில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இவன் கடையும் அன்றுதான் அடைப்பு. ஆனால் அவளுடைய ஓய்வு நாள் சுழற்சியில் வெள்ளி அபூர்வமாகத்தான் அமையும். ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு முன்னால் வீடு சேர்ந்தால்தான் புருஷன் பெண்சாதி முகம் பார்த்துக்கொள்ள முடியும். அதற்காகத்தான் இந்தக் குழாய். “அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா, வெக்கமா இருக்கு” என்று அதையும் ஊருக்கே கேட்கும்படி கத்தினான். சொல்ல மாட்டேன் என்று நானும் கத்தியே வாக்குக் கொடுத்தேன்.

எனக்கு அவன் மேல் இருந்த எரிச்சல் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அடுத்த திருப்பத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. நல்ல தார்ச்சாலையை விட்டுவிட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டியை இறக்கினான். ஏன் என்று கேட்டேன்.

“மெயின் ரோட்ல ரோட் பிளாக் இருக்கும் மாமா. இந்தச் சத்தத்துக்குப் புடிச்சான்னா சமான் எழுதிருவான் லா.”

அபராதத்துக்குப் பயந்து மூன்று கிலோமீட்டர் சுற்று. இரு பக்கமும் செம்பனை, நடுவே பள்ளம், பள்ளத்தில் மழைத்தண்ணீர். ஒரு மேட்டில் வண்டி ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது, ஆனால் நகர மறுத்தது. குணா கியரைக் குறைத்தான். அலறல் கூடியது, வேகம் குறைந்தது. அப்போது கீரைக்கட்டுகளோடு பழைய மோட்டாரில் வந்த ஓர் அம்மாள் சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது சிரித்துவிட்டும் போனார்.

இதோடு முடிந்ததா? வீட்டுச் சந்து வந்ததும் குணா இன்ஜினை அணைத்து, இறங்கித் தள்ள ஆரம்பித்தான். பக்கத்து வீட்டில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை தூங்குகிறதாம். வேகத்துக்கென்று குழாய் மாற்றியவன் தினமும் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வீடு சேர்கிறான்! ஐம்பத்தெட்டு வயதில் நானும் பின்னாலிருந்து தள்ளினேன். நாங்கள் வாசலை அடைந்தபோது சந்திப்பில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு கை அசைந்தது. குணாவும் கையசைத்தான். பஸ் மறைந்த பிறகும் கையை இறக்காமல் நின்றவன் சொன்னான்: “இன்னும் பெரிய எக்ஸோஸா போடணும் மாமா.”

செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. பீடோங் பாசாருக்குப் பின்னால், அந்தக் குழாயை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் லெட்சுமணனின் பட்டறை. சாப்பாட்டு நேரத்தில் பெரிய குழாய்க்கு அளவெடுக்க வந்த குணாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் தே தாரேக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீ ஒரு கப் இரண்டு ரிங்கிட். வாங்கிக் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டு கேட்டேன்: “பழைய குழாயைப் பூட்டி ஒரு தரம், இதைப் பூட்டி ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதைப் போடலாமே?”

லெட்சுமணன் வாய் நிறையச் சிரித்தார். “அண்ணே, இந்த ஊர்ல எக்ஸோஸ டெஸ்ட் பண்ணி யாரு வாங்குனா? சத்தம் கேட்டா சரி, பவர் வந்துருச்சுன்னு சந்தோஷமா போயிருவாங்க லா.”

ஆனாலும் பழைய குழாயைக் குவியலிலிருந்து தேடி எடுத்துப் பூட்டினார். சோதனையில் என் பங்கு மூட்டை. பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதலில் நேர்ச்சாலை. கைப்பிடியை முழுதாக முறுக்கினால் பளபளக்கிற புதுக் குழாயில் வேகமுள் ஒரு நூல் கூடுதலாக ஏறியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. குணா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெற்றி. பிறகு மேடு. புதுக் குழாயோடு பாதியில் மூச்சு வாங்கிய வண்டி, பழைய குழாயோடு அதே கியரில் என்னையும் சுமந்துகொண்டு உச்சிக்குப் போய்விட்டது. குணாவின் முகம் சுண்டிவிட்டது.

லெட்சுமணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பொக வெளிய போற வழிய இஷ்டத்துக்குப் பெருசாக்கினா, மெதுவா போறப்ப இழுவ போயிரும் தம்பி. அடில பலம் கொறையும், முழுசா முறுக்குனா மேல கொஞ்சம் கூடும். பெட்ரோல் விடற கார்பரேட்டர் ஜெட்ட மாத்தி டியூன் பண்ணா இன்னும் கொஞ்சம் வரும். ஆனா வீட்டுக்குப் போற வழில எங்க போயி முழுசா முறுக்குவ?”

“இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன அண்ணே?”

“நீ அன்னைக்கு எங்க கேட்ட? சத்தமா ஒன்னு குடுங்கன்னுதான கேட்ட?”

குணா அந்தப் பளபளக்கிற குழாயை எடுத்துத் தடவிப் பார்த்தான். கூட்டாளிகள் கேலி செய்வார்களே என்று முனகினான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் பாவமாகவும் இருந்தது. அவனை யோசிக்க விட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் நான் மட்டும் வீடு திரும்பினேன்.

மாலை ஐந்தரை. கலைவாணி தூங்கி எழுந்து, சமைத்து முடித்து, நீல நிறச் சீருடையில் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கலகலவென்று பேசுகிற பெண். எக்ஸோஸ் பேச்சை எடுத்தால் மட்டும் பொரிந்து தள்ளினாள்.

“இந்த வயசுல இவருக்கு என்ன ஷோ மாமா? சின்னப் பையனா? நான் இங்க மணியப் பாத்துட்டு இருக்கேன், அவரு எக்ஸோஸ் போட்டு ஊர் சுத்திட்டு வராரு.”

என் வாய் துறுதுறுத்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. வெந்நீர் கொதிப்பதைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்தேன். ஐந்தே முக்கால் தாண்டியது. செம்பனைப் பக்கமிருந்து அந்த அலறல் வருகிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வாழ்நாளில் ஒரு சைலன்சர் சத்தத்துக்காக நான் ஏங்கியது அன்றுதான். ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னைக்கும் லேட்டு” என்று சொல்லிக் கைப்பையை எடுத்துத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் ஹெல்மெட்டோடு குணா நின்றுகொண்டிருந்தான்.

“மோட்டார் எங்க? ரிப்பேரா?”

“வெளியதான் நிக்கிது. எக்ஸோஸ கழட்டிட்டேன். மெயின் ரோட்லயே வந்தேன். பொலிஸ்காரன் போ போன்னு கை காட்டிட்டான்.”

“கழட்டிட்டீங்களா? ஏன்?”

குணா என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். “உன்கூட ஒரு டீ குடிக்கணும் கலா. அதுக்குத்தான் மாட்டுனேன். அதுக்குத்தான் கழட்டுனேன்” என்றான்.

அவள் துண்டை உருட்டி அவன் மேல் எறிந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். எனக்குத் திடீரென்று பின்பக்கம் கட்டியிருந்த ஆட்டின் மீது அளவுகடந்த அக்கறை பிறந்தது. போய் அதன் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? சமையலறைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி. யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி. மீன் கொஞ்சம் உப்புக் கரித்ததைப் பற்றி. நடுநடுவே சிரிப்பு. சந்திப்பில் பஸ் ஹாரன் அடித்ததும் கலைவாணி பாதி டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை காலை குணா என்னைச் சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏற்றிவிட்டான். பட்டர்வொர்த் வரும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து என் வீட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். நாள் முழுதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மாலைக் காபியை நான் டி.வி. முன்னால் குடிப்பேன், அவள் சமையலறையில் குடிப்பாள். எத்தனை வருஷமாக இப்படி என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

மதுரை வந்து சேர்ந்த அன்று மாலை என் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அவள் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

“என்ன, சர்க்கரை பத்தலையா?” என்றாள்.