மூக்காயி அக்காவின் செவலை

மாட்டுப்பட்டிகளை இடித்ததுதான் மூக்காயி அக்காவைக் கொன்றது. கால் வழுக்கி விழுந்தார் என்று இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பேசுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். புல்லறுக்க விட்டிருந்தால் மழையில் அந்த ஓடைப் பள்ளத்துக்கு அவர் ஏன் இறங்கப்போகிறார்?

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது செய்தி வந்தது. யாரும் வாய்விட்டு அழவில்லை. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காரிக்காக அழுதது யார் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

தோட்டத்து மக்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கறந்த பாலைச் சேர்த்துத் தலவாக்கலை நகரத் தேநீர்க் கடைகளுக்கு அனுப்பியவர். "கொழுந்து தொரைக்கு, பாலு நமக்கு" என்பார். அரசாங்கம் நம் குடியுரிமையைப் பறித்துவிட்டது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அப்போதும் அடுப்பெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

துரைக்கு நாம் காட்டிய மரியாதையே நம்மைக் கெடுத்தது. மாட்டுப்பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி, தப்படித்து, மாடுகளைப் பங்களாவுக்கு ஓட்டிப்போய்த் துரைக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது வழக்கம். போன பொங்கலுக்கு ஒன்றுவிடாமல் எல்லா மாடுகளையும் ஓட்டிப்போனோம்.

"அக்கா, இத்தன மாட்டையும் பாத்தா தொரை கண்ணு வைப்பாரே?" என்றேன்.

"அட போடா தம்பி, ஒன்னயப் பாத்து மாடே சிரிக்குது!"

துரை சிரித்தபடி பழத்தை வாங்கினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கா தம் மாட்டின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார்.

பால் காசு இருந்தால் நாம் கூலிக்கு அடங்கமாட்டோம் என்று மறுவாரம் துரையின் ஆட்கள் பட்டிகளை இடித்தார்கள். தேயிலை மலையில் புல்லறுத்தால் வேலையைவிட்டு நிறுத்துவோம் என்றார்கள். ஒவ்வொரு வீடாக மாட்டை விற்றது. அக்கா மட்டும் தம் செவலைப் பசுவைக் காம்பராவுக்குப் பின்னால் சாக்கு மறைப்பில் கட்டினார். அது கத்தும்போதெல்லாம் லயமே மூச்சை அடக்கும்.

"எந்தத் தைரியத்துல வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தைரியமா? பயமாத்தான் இருக்கு தம்பி. இதையும் விட்டா எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

காவற்காரர் கண்ணில் படாமல் புல்லறுக்கத்தான் பள்ளத்துக்கு இறங்கினார். கட்டிய புல்லோடுதான் அவரைத் தூக்கிவந்தோம்.

செவலை இப்போது என் காம்பராவுக்குப் பின்னால் நிற்கிறது. இதை எழுதும்போதும் வாசலில் காவற்காரரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். ஆனாலும் சொல்வேன். துரை, இடித்த பட்டிகளைக் கட்டித்தர வேண்டும். புல்லுக்கு இடம் விட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் சந்தாவுக்கு மட்டும் வராமல் இதைக் கேட்கவும் வர வேண்டும். தலவாக்கலைக் கடைக்காரர்கள் நம் பாலை மறுக்கக் கூடாது. கணக்கப்பிள்ளை, அக்காவுக்காக நம்மை அழவிட வேண்டும். வரும் பொங்கலுக்கு நாம் எல்லாரும் இந்த ஒரு மாட்டை அதே பங்களாவுக்கு ஓட்டிப்போக வேண்டும். மாலை போடுங்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம். கயிற்றை நான் பிடிக்கிறேன்.