எலும்புப் பிரிவா, இரத்தப் பிரிவா?

ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார்? முதலில் பார்த்தவரா, பார்த்ததாக முதலில் கையெழுத்துப் போட்டவரா? ஜ்யோத்ஸ்னாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவன் சுந்தரேஷுக்கு இதில் சந்தேகமே கிடையாது. மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர் அவன். ஃபைலில் ஏறாத வரை சூரியன் உதித்ததாக ஒப்புக்கொள்ள மாட்டான்.

தொண்ணூற்றைந்தில் அவள் தெற்கு தில்லியில் ஓர் அரசு ஆராய்ச்சிக் கூடத்தின் எலும்புப் பிரிவில் ஆய்வாளராக இருந்தாள். சுண்டெலியின் தொடை எலும்பை இரு முனையிலும் வெட்டி, ஊசியால் நீர் பாய்ச்சி மஜ்ஜையை வெளியே தள்ளுவார்கள். அதிலிருக்கும், இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்ப்பார்கள். மற்றவர்களுக்கு அவை சில நாளில் செத்தன. அவள் தட்டில் ஐந்து வாரம் உயிரோடு இருந்தன.

காரணம் ஞானம் அல்ல, டெண்டர். அந்த வருடம் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கிய ஊசிகள் எல்லாம் மொண்ணை. அவை எலும்பின் உட்சுவரையும் சுரண்டிக்கொண்டு வந்தன. எல்லாரும் ஊசியைத் திட்டிவிட்டு, சுரண்டி வந்ததை வடிகட்டி எறிந்தார்கள். அவள் அதையும் தட்டில் போட்டுப் பார்த்தாள். எலும்பைக் கட்டும் செல்கள்தான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரத்த ஸ்டெம் செல்களை வாழவைத்தன. எலும்பு இரத்தத்தைப் போட்டுவைக்கும் பாத்திரம் அல்ல, அதை வளர்க்கும் வீடு. பதினொரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் கட்டுரை எழுதினாள்.

கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்ப டைரக்டர் பட்டாபியின் அனுமதி வேண்டும்.

"எலும்பா, ரத்தமா? ஒண்ணு சொல்லும்மா."

"ரெண்டும் சார். விஷயமே அதுதான்."

"அச்சா. அப்போ ரெண்டு பிரிவும் கையெழுத்துப் போடட்டும்."

இரத்தப் பிரிவு, எலும்பு எங்கள் வேலை அல்ல என்று எழுதியது. எலும்புப் பிரிவு, இரத்தம் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்றது. ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஃபைல் இரண்டரை வருடம் ஏறி இறங்கியது.

மனைவிக்கு உதவ சுந்தரேஷ் முன்வந்தான். மயூர் விஹார் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில், இரசம் ஆறிக்கொண்டிருக்க, கட்டுரையைத் திருத்தினான்.

"'காட்டுகிறது'ன்னு போடாதே. 'காட்டுவதாகக் கருத இடமுண்டு'ன்னு போடு."

"என்னன்னா நீங்க, செல் உயிரோட இருக்கு. இதுல கருதறதுக்கு என்ன இருக்கு?"

"உன் செல்லு செத்தாப் பரவாயில்லடி. ஃபைல் சாகக் கூடாது. இந்த 'வாழவைக்கிறது' யார் மனசையாவது புண்படுத்தும். 'தொடர்பு இல்லாமல் இல்லை'ன்னு வை."

"அப்படிப் பாத்தா நமக்குக் கல்யாணம் ஆகாமல் இல்லை," என்றாள். அவன் அதையும் நல்ல வாக்கியமாகவே எடுத்துக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டுக்குள் கட்டுரை எதையுமே சொல்லாத நிலையை எட்டிவிட்டது. இரண்டு பிரிவுகளும் உடனே கையெழுத்திட்டன. சுந்தரேஷ் அன்று பெங்காலி மார்க்கெட்டிலிருந்து இனிப்பு வாங்கி வந்தான். மூன்று மாதம் கழித்துப் பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியது. இதில் புதிதாக என்ன சொல்கிறீர்கள் என்று ஒரே வரி. அந்த வரிக்குத் தானும் பொறுப்பு என்று சுந்தரேஷுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்கான பயிற்சி அவனுக்கு இருபது வருடம் கிடைத்திருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அதே விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பட்டாபி வீட்டுக்குப் போன் செய்தார்.

"நாம அப்பவே கண்டுபிடிச்சோம்மா! புதன்கிழமை நிருபர்களைக் கூப்பிட்டிருக்கேன். ஒரு அறிக்கை கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா. எலும்பு-ரத்தம்னு புதுப் பிரிவே ஆரம்பிக்கறோம். நீதான் தலைவர். ஜல்தி!"

எட்டு வருடமாக அவள் எதற்குக் காத்திருந்தாளோ அது ஒரு கையெழுத்துத் தூரத்தில் வந்து நின்றது. சுந்தரேஷ் மதியத்துக்குள் அறிக்கையைத் தயார் செய்துவிட்டான்.

"பாரு, 'சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தோம்'. எப்படி?"

அவள் இரண்டு முறை படித்தாள். "இப்போ எங்கேர்ந்து வந்தது இந்தத் தைரியம்?"

"அதான் வெளிநாட்டுக்காராளே சொல்லிட்டாளே!"

அவள் சிரித்தாள். நன்றாக, வெகுநேரம் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்து வைத்தான்.

புதன்கிழமை அந்த அறிக்கை கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே கிடந்தது. டைரக்டரிடம் அவள் கொடுத்தது வேறு தாள். எலிகளை வளர்க்கும் கொட்டகைக்குப் பொறுப்பாளராகத் தன்னை மாற்றும்படி கேட்டிருந்தாள். யாரையாவது தண்டிக்க நினைத்தால் மட்டுமே அந்த இடத்துக்கு அனுப்புவது வழக்கம். வந்த நிருபர்களுக்குப் பட்டாபி சமோசா கொடுத்து, நாட்டில் விஞ்ஞானம் வளர்வதைப் பற்றிப் பொதுவாகப் பேசி அனுப்பினார்.

அதைத் துறவு என்று புகழ்ந்துவிடலாம், வீம்பு என்றும் தள்ளிவிடலாம். இரண்டுக்கும் சான்று போதாது. சுந்தரேஷ் பல முறை கேட்டான். கோபமா, அலுப்பா, என் மேலேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மாற்றல் உத்தரவு வந்த மறுநாள் அவள் அரை மணி முன்னதாகவே பஸ் பிடித்து எலிக் கொட்டகைக்குப் போனாள்.