பிறந்த நாள் தெரிந்த முயல்களுக்காகச் செஞ்சிக்கு

உலகப் போர் முடிந்த மறு வருஷம், தை மாதத்தில் செஞ்சிக்குப் போனேன். எல்லோரும் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் போனது முயல் வாங்க. என் தங்கை மகள் ஞானம் சென்னையில் மூளையிலுள்ள கொழுப்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பிறந்த நாள் திட்டமாகத் தெரிந்த, ஒரே தாயின் ஒரே ஈற்றுக் குட்டிகள் அவளுக்கு வேண்டும். திங்கட்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அந்த வேலையையே விட்டுவிடச் சொல்லியிருந்தார் அவளுடைய பேராசிரியர். துணைக்கு ஓய்வு பெற்ற வாத்தியாரான நான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினோம். அங்கிருந்து செஞ்சிக்குப் பதினேழு மைல்; பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் ஆளுக்கு ஆறணா. பாதி வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது.

"ஐயா, நீங்க குந்துங்க. மத்தவங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார் டிரைவர்.

"துட்டும் குடுத்துட்டுத் தள்ளவும் தள்ளணுமா?" என்றார் ஒருவர்.

"தள்ளலன்னா ராத்திரிக்கு இங்கதான் தங்கணும். அதுக்கு வாடகை தனி!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

முயல்தான் ஏன் என்று கேட்பீர்கள். ஆட்டுக்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கிறது. அதன் மூளையில் பெரும்பாலான வேலை வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டது. முயல் குட்டியோ கண் திறக்காமல், மயிர் இல்லாமல் பிறக்கிறது. அப்போது அதன் மூளையில் தண்ணீர்தான் அதிகம். பிறகு நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை படிகிறது. மின்சாரக் கம்பிக்கு ரப்பர் சுற்றுகிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உறை ஏற ஏறத் தண்ணீர் குறைகிறது. முன்பு அநேகமாக இல்லாத, சர்க்கரை சேர்ந்த ஒருவகைக் கொழுப்பு பெருகுகிறது. குட்டியும் கண் திறந்து, ஓடப் பழகுகிறது. எந்த நாளில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்பதுதான் ஞானத்தின் கேள்வி. அந்தந்த நாளில் ஒரு குட்டியின் மூளையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறந்த நாள் தெரியாத குட்டியை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் சாலையில் மாட்டுவண்டி பிடித்து, ஒரு கிறிஸ்தவக் குடியிருப்புக்குப் போனோம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியரின் தங்கை தெரேசம்மாள் அங்கே முயல் வளர்க்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் ஈன்ற நாளைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தார். ஞானத்துக்கு முகம் மலர்ந்தது. முதல் பெட்டியைத் திறந்தாள். ஆறு குட்டிகள், இரண்டுக்குக் கண் திறந்திருந்தது, நான்குக்கு இல்லை.

"அக்கா, இதெல்லாம் ஒரே ஈத்தா?"

"இல்லம்மா. பக்கத்துப் பெட்டிக்காரிக்குப் பால் பத்தல. அதான் நாலை இவகிட்ட விட்டேன். இவ மயிரைத் தேச்சுட்டா வாசனை தெரியாது, சேத்துக்குவா."

"எல்லாப் பெட்டியிலயும் இப்படித்தானா?"

"பின்ன? செத்துப்போவ விட்டுடறதா?"

ஞானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரேசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் கடைசிப் பெட்டியைக் காட்டினார். அதிலிருந்த தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்குள்ள போட்டுடும். அழாத பாப்பா."

மறுநாள் காலை கோட்டை இருக்கும் ராஜகிரி மலை ஏறினோம். வெயிலுக்கு முன் ஏறுங்கள், மேலே தண்ணீர் கிடைக்குமென்று நம்பாதீர்கள். கோட்டைக் களஞ்சியமும் கீழே பச்சை வயல்களும் எனக்கு மிகவும் பிடித்தன. ஞானம் அனந்தபுரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலில் குடியிருப்புக்குத் திரும்பியபோது தெரேசம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "போட்டுட்டா! ஒம்பது. ஒண்ணையும் கலக்கல, மாதா சத்தியமா. ஆனா ஒண்ணு நோஞ்சான், மத்ததுங்க முட்டித் தள்ளுது. இங்கயே கெடந்தா பொழைக்காது."

முடிவை ஞானத்திடமே விட்டுவிட்டார். அவளுக்கு ஒன்பதும் வேண்டும். ஆனால் பட்டினி கிடக்கும் குட்டியின் கணக்கு மற்றவற்றோடு சேராது. அந்தச் சின்னதை எடுத்து, முதல் பெட்டித் தாயின் மயிரைத் தானே அதன்மேல் தேய்த்து, அந்தக் கூட்டுக்குள் விட்டாள். அது பால் குடிக்கும்வரை நகரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, தாயையும் எட்டுக் குட்டிகளையும் கூடையில் வைத்துக் கிளம்பினோம். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குட்டி எப்போது பிறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், யாருக்குப் பிறந்தது என்றும் கேளுங்கள். கூடைக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்பார்கள், பேசினால் விட்டுவிடுவார்கள்.

மாட்டுவண்டியில் ஏறியதும் ஞானம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த நோஞ்சான் குட்டிய இன்னா பண்ணுவீங்க அக்கா?" அந்த ஊர்ப் பேச்சு அதற்குள் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொட்டையா இருந்தா வளப்பேன். கடுவனா இருந்தா பாஸ்கா பண்டிகைக்குக் கொழம்பு வெப்பேன்" என்றார் தெரேசம்மாள். "ஒங்கிட்ட வந்தாலும் அதான, இன்னா?"

"எங்கிட்ட வந்தா கொழம்பு கெடையாது" என்றாள் ஞானம். இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டிமாடு மிரண்டு, தானாகவே கிளம்பிவிட்டது.