கை தட்டிய கோல்கீப்பர்

எழுபதுகளில் போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். மழை ஓய்ந்ததும், முந்தின வருஷம் லீக்கில் ஜெயித்த டீமும் கப் ஜெயித்த டீமும் மோதும் ஆட்டத்தோடுதான் அங்கே சீசன் தொடங்கும். ஒரு வருஷம் அப்படி மோதியபோது லீக் எங்களுடையது, கப் பக்கத்து எஸ்டேட்டுக்காரர்களுடையது.

ஆட்டம் முடியப்போகும் நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது அவர்களுடைய செல்லையா, தேயிலைச் சரிவை ஒட்டிய மூலையிலிருந்து வெறுங்காலால் பந்தை உதைத்தான். வெளியே போகிறது என்றுதான் நினைத்தேன். பந்து பாதி வழியில் காற்றிலேயே வளைந்து, நீட்டிய என் விரல்களைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் என்னை அறியாமல் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேப்டன் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். “ஏலே, கோல வாங்கிட்டுக் கை தட்டுதியா?”

“அண்ணே, நீங்க அதப் பாக்கலையா?” என்றேன்.

தோற்றுப்போனோம். ஆட்டம் முடிந்ததும் செல்லையா தயங்கியபடி என்னிடம் வந்தான். “எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியலண்ணே. நீங்கதான கிட்ட நின்னீங்க, சொல்லுங்க.”

பந்து வளைந்த விதத்தைக் கையால் காற்றில் வரைந்து காட்டினேன். கேப்டனும் வந்து நின்று பார்த்தார்.

அந்தத் தோல்வி எனக்கு இன்றுவரை வலித்ததில்லை. அத்தனை கூட்டத்தில் அதை அவ்வளவு அருகில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.